சாம்பிராணிப் புகையில் காய்ந்த உடுப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள். இரண்டு பேர் என் தங்கை கண்ணை மூடியபோது என் இடுப்புக்கு வந்தவர்கள். ஆறு பேருக்கும் ஒரே பானையில்தான் சோறு. எது பெற்றது, எது பெறாதது என்று எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாரும் கேட்டதில்லை. கேட்க நான் விட்டதுமில்லை. இப்போது ஒருவரும் இங்கே இல்லை. கிள்ளானில் இருக்கிறார்கள், ஷா ஆலாமில் இருக்கிறார்கள், ஒருத்தி சிங்கப்பூரில் இருக்கிறாள். கோலா சிலாங்கூரில் இந்த மலிவு விலை வீட்டில் நானும் ஒரு பூனையும் இருக்கிறோம். பூனையும் பக்கத்து வீட்டுக்காரர்களுடையது. மீன் கழுவுகிற நேரத்துக்கு மட்டும் வரும்.

ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு பால்மரம்தான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலை நேரம் போய்விடும். என்னிடம் காலை நேரங்களுக்குக் குறைவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது பட்டாளத்தைப் பற்றி. பொம்பளைக்குப் பட்டாளத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். நான் துப்பாக்கியைத் தொட்டது கிடையாது. ஆனால் வடக்கே, தாய்லாந்து எல்லைக் காட்டில் நடந்த ஒரு சண்டையில் என் கையும் இருந்திருக்கிறது. அது எனக்கே தெரியாது. தெரிய வந்தபோது என் தலை முழுக்க நரைத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் நல்ல உயரம். லயத்து வீட்டு வாசலில் குனியாமல் நுழைய முடியாது அவரால். கல்யாணமான புதிதில் என்னோடு ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் கோலா குபு பாரு வரை போய் வருகிறேன் என்று கிளம்பினார். வந்து நின்றபோது பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டிருந்தார். என் மாமியார் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. எங்கள் தோட்டத்தில் அது வரைக்கும் பட்டாளத்துக்குப் போனவர் யாருமில்லை. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பெருமைக்கு விலை என்ன என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

காலாட்படையில் ஒரு கம்பெனியில் சேர்த்தார்கள். காட்டுக்குள் ஆயுதத்தோடு இருந்த கம்யூனிஸ்டுகளைத் தேடி நடப்பதுதான் அவர்கள் வேலை. உள்ளே போனால் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். கேம்ப்புக்குப் பக்கத்தில் குடும்பத்துக்கு வீடு தருவார்கள்தான். நான் போகவில்லை. மாமியாரை யார் பார்ப்பது, என் வெட்டு மரங்களை யாருக்கு விடுவது. அதனால் அவர் அங்கே, நான் இங்கே. விடிகாலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்கும்போது அவரும் இப்படித்தான் ஏதோ ஒரு மரத்தடியில் நிற்பார் என்று நினைத்துக்கொள்வேன். எனக்காவது அடுத்த நிரையில் ஆள் இருமுகிற சத்தம் கேட்கும். அவர்களுக்கு அங்கே இருமவும் அனுமதி இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

பால் நிறுக்கும் கொட்டகையில் மற்றப் பெண்கள் சும்மா இருக்கமாட்டார்கள். ஒருத்தி ஒரு நாள் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"ஏங்க்கா, ஒங்க வீட்டுக்காரரு காட்டுல குரங்கு சுட்டுக்கிட்டு இருக்காராமே. தோலு வந்தா எனக்கு ஒரு பை தைச்சுக் குடுங்கலா."

"கொரங்கு இங்கயே நெறைய கெடக்கு. அதுக்கு எதுக்கு அவரு அம்புட்டுத் தூரம் போறாரு" என்றேன். எங்களை வேலை வாங்கும் மண்டோர் கூடச் சிரித்துவிட்டார்.

வாயால் ஜெயிக்கலாம். ஆனால் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஆபீஸிலிருந்து யாராவது லயத்துப் பக்கம் நடந்து வந்தால் கை வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். கெட்ட செய்தி வந்தால் அங்கேதான் முதலில் வரும். வந்தவர் எங்கள் லயத்தைத் தாண்டிப் போகும்வரை உள்ளே திரும்பமாட்டேன்.

பட்டாளத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் வீட்டுக்குப் போக நம் ஆட்கள் காவலுக்கு நிற்பார்கள். தீபாவளிக்கு அவர்கள் நிற்பார்கள். அப்படியும் நம் ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வர முடியாது. ஒரு வருடம் அவருடைய செக்‌ஷனில் இருந்த ஒரு பையன், பத்தாங் காலித் தோட்டத்துப் பிள்ளை, கல்யாணம் ஆனவர்கள் போகட்டும், எனக்கு யார் காத்திருக்கிறார்கள் என்று தன் லீவை விட்டுக்கொடுத்திருந்தார். தாய் தகப்பன் இல்லாதவர். அதனால்தான் என் வீட்டுக்காரருக்கு அந்த வருடம் தீபாவளிக்கு வர முடிந்தது.

வந்தவர் பையிலிருந்து காட்டுக்குப் போடும் பச்சை உடுப்பு இரண்டு சோடியையும் எடுத்துப் போட்டார். பொத்தான் இல்லை, தையல் விட்டிருந்தது, சேறும் வியர்வையும் ஏறி அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. நான் துவைத்தேன், தைத்தேன். தீபாவளிக் காலம் இங்கே எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மழை விடவில்லை. கொடியில் போட்ட துணி போட்டபடியே சொட்டியது. மறுநாள் அவர் கிளம்ப வேண்டும். ஈரத் துணியைப் பையில் திணித்து அனுப்பினால் இரண்டு நாளில் பூசணம் பூத்துப்போகும்.

மழைக் காலத்தில் பச்சைப் பிள்ளைத் துணியை நாங்கள் எப்படிக் காய வைப்போமோ அப்படிச் செய்தேன். சட்டியில் கரி நெருப்புப் போட்டு, அதில் சாம்பிராணி தூவி, பிரம்புக் கூடையை மேலே கவிழ்த்து, கூடை மேல் உடுப்பை விரித்தேன். சாம்பிராணி போட்டால் ஈர வாடை போகும், பூச்சி அண்டாது. மதியமெல்லாம் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே இருந்தேன். என் மாமியார் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பச்சப் புள்ளைக்குப் போடுற மாதிரி போடுறியே. அப்டியே ஒரு தொட்டிலயும் கட்டிவிடு, படுத்துக்கட்டும்."

அவர் உடுப்பைப் போட்டுக்கொண்டு, கையை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தார். கோயிலுக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அடுத்து அவர் வந்தது மாதங்கள் கழித்து. இளைத்திருந்தார். பத்தாங் காலித் தம்பிக்கு ஒரு கால் போய்விட்டது என்றார். எப்படி என்று கேட்டேன். "வெடியில போச்சு" என்றார். அவ்வளவுதான். மேலே கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

மறு வருடம் தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் வீட்டை விட்டு இறங்கி ரம்புத்தான் மரத்தடியில் போய் நின்றுகொள்வார். புகை அடங்கிய பிறகுதான் உள்ளே வருவார். மகள் பிள்ளை பெற்று வந்திருந்தபோது தலைக்குப் புகை காட்ட வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர் சாயங்காலம் வரை வீட்டுக்கே வரவில்லை. காட்டில் ஏதோ பிடித்துக்கொண்டது, சாம்பிராணிக்குப் பயப்படுகிறது என்றார் மாமியார். மந்திரிக்கக் கூடக் கூட்டிப் போகப் பார்த்தார். நான் அது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் சொல்லாத மனிதரிடம் எத்தனை தரம் கேட்பது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்தாங் காலிக்குப் போய்விடுவார். நான் சுட்ட முறுக்கில் ஒரு டின் அவருக்குக் கட்டிக் கொடுப்பேன். பொழுது சாய்ந்துதான் திரும்புவார். பிள்ளைகள் ஆறு பேரும் புதுச் சட்டையில் குதித்துக்கொண்டிருப்பார்கள், லயம் முழுக்கச் சத்தமாக இருக்கும். அதற்கு நடுவில் நான் அவருக்கு ஓர் இலையைப் போட்டு வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் சென்ற வீட்டில் இருப்பவர் தனிக்கட்டை என்பதால் குறை சொல்லவும் வாய் வராது.

பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கதை கதையாகச் சொல்வார்கள். இவர் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். அதனால் தோட்டத்தில் அவரவர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இவர் பட்டாளத்தில் ஸ்டோரில் அரிசி அளந்துகொண்டிருந்தவர் என்று பேச்சு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து என்னிடம் அழுதார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"நீங்க என்னதான் செஞ்சீங்க அங்க?"

"நடந்தோம்" என்றார்.

பட்டாளத்திலிருந்து வந்து ஒரு தொழிற்சாலையில் ஜாகாவாக, காவல்காரராக வேலை பார்த்தார். முதலாளிகள் தோட்டத்தை விற்றார்கள், ஒரு பக்கம் வீடு கட்டினார்கள். மறுபக்கம் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. நாங்கள் இங்கே வந்தோம். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தோம். அவரும் போய் மூன்று வருடம் ஆகப் போகிறது. தொலைக்காட்சியை இன்னும் போட்டுத்தான் வைக்கிறேன்.

கருமாதிக்கு சபாக்கிலிருந்து ஒரு மலாய்ப் பெரியவர் வந்தார். மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். அவர்தான் இவர்கள் செக்‌ஷனுக்குச் சார்ஜனாக, தலைவராக இருந்தவர். கதை எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துக்கொண்டு மலாயில் சிரித்துச் சிரித்துப் பேசினார். அந்தத் தீபாவளி முடிந்து என் வீட்டுக்காரர் கேம்ப்பில் போய் இறங்கிய அன்றைக்கே காட்டுக்குப் புறப்படச் சொல்லி உத்தரவு வந்ததாம். லோரியில் இவர் ஏறியதும் கெமெஞான் வாடை. கெமெஞான் என்றால் மலாயில் சாம்பிராணி. காட்டுக்குப் போகிறவர்கள் சோப்புப் போடமாட்டார்கள், தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டார்கள், சிகரெட்டைத் தொடமாட்டார்கள். காட்டில் இருக்கிறவனுக்கு அந்த வாடை காற்றில் முன்னாலேயே போய்ச் சொல்லிவிடும். எப்போதும் வரிசையில் முதல் ஆளாக நடப்பவர் என் வீட்டுக்காரர்தான். அன்றைக்கு வாடை அடிக்கிறவன் முன்னால் வேண்டாம் என்று சார்ஜன் அவரைக் கடைசிக்கு அனுப்பிவிட்டு, பத்தாங் காலிப் பையனை முன்னால் விட்டாராம். அந்தப் பையன்தான் வெடியில் கால் வைத்தது.

சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு சாப்பிட உட்காரவில்லை, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். சில மாதத்தில் அவரும் தவறிவிட்டதாகக் கேள்வி. ஆக, அந்தச் செக்‌ஷனில் எனக்குத் தெரிந்து மிச்சம் பத்தாங் காலித் தம்பி ஒருவர்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் செய்தது தப்பு என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. ஈரத் துணியோடு புருஷனை எந்தப் பெண்சாதி அனுப்புவாள். ஆனால் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தம்பிக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டேதான் வருடா வருடம் என் முறுக்கைத் தின்றாரா? சாவுக்கு அவர் வரவில்லை. கருமாதிக்கும் வரவில்லை. வராததற்கு அதுதான் காரணமோ? எனக்கு வீட்டுக்காரர் முழுதாகத் திரும்பி வந்தார். ஆறு பிள்ளைகள் அப்பா என்று கூப்பிட ஆள் இருந்தது. அவருக்கு ஒன்றுமில்லை. அவர் வாயால் கேட்காமல் நான் சாகக் கூடாது என்று பட்டது.

பிள்ளைகளிடம் சொன்னேன். அம்மா, பழசை ஏன் கிளறுகிறீர்கள் என்றார்கள். அவர் போன் நம்பர் அடித்தால் போகவில்லை. வீட்டுக்காரர் போகும் வழியை நான் ஒரு முறையும் பார்த்ததில்லை. இப்படியே இரண்டு தீபாவளி போனது. எனக்காக ஒரு பிடி மாவு பிசைந்து முறுக்குச் சுட்டேன். தின்ன ஆளில்லாமல் நமத்துப்போனது.

போன மாதம் மூத்தவனின் மகள் வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், சொந்தமாகக் கார் ஓட்டுவாள். அவளிடம் சொன்னேன். என்ன ஏது என்று கேட்காமல், "கெளம்புங்க பாட்டி, போலாம்" என்றாள். ஈஜோக் தாண்டி, ரவாங் தாண்டிப் போனோம். வழி முழுக்கச் செம்பனை. இந்தத் தூரத்தை அந்த மனிதர் ஒவ்வொரு தீபாவளிக்கும் மழையில் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போயிருக்கிறார். நான் வீட்டில் கோபத்தோடு இலை போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

பத்தாங் காலியில் நாலு இடத்தில் விசாரித்து, ஒரு மோட்டார் பட்டறைக்குப் பின்னால் அவர் அறையைக் கண்டுபிடித்தோம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொய்க்கால் சுவரில் சாய்ந்து நின்றது. அதற்குக் காலுறையும் சப்பாத்தும் போட்டிருந்தது, சப்பாத்து பளபளவென்று துடைத்திருந்தது. என் பிள்ளைகள் இரண்டு பேர் கல்யாணத்துக்கு வந்தபோது பார்த்த முகம்தான். தாடி மட்டும் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"உக்காருங்க தம்பி."

"வாங்க அண்ணி. அண்ணன் போனதுக்கு வர முடியலன்னு கோவமா? சக்கர வியாதி. மிச்சம் இருந்த காலையும் எடுக்கணும்னு ஆஸ்பத்திரில படுக்க வெச்சுட்டாங்க. நான் வுடலையே. ஒண்ணுதான்யா பாக்கி, அதையாவது வுட்டு வைங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னேன்."

அப்படியே சிரித்தார். என் பேத்திக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நான் சுற்றி வளைக்கவில்லை. கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அந்த உடுப்புக்குச் சாம்பிராணி போட்டது நான்தான். தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாமயா? கால்தான் போச்சு. மூக்கு நல்லாத்தான இருந்துச்சு."

லோரியில் நடந்ததை அவர் சொன்னார். என் வீட்டுக்காரர் ஏறியதும் ஒருவன் பூசாரி வந்துவிட்டார் என்று கையெடுத்துக் கும்பிட்டானாம், இன்னொருவன் திருநீறு கேட்டு நெற்றியை நீட்டினானாம். மாற்று உடுப்பு ஸ்டோரில் இருந்தது, அவர் உயரத்துக்கு ஒன்றும் இல்லை. ஆற்றில் நனைத்துப் பார்த்தார்கள். சேறு பூசினார்கள். இலையைக் கசக்கித் தேய்த்தார்கள். வியர்க்க வியர்க்க வாடை திரும்ப வந்தது.

"எங்க உடுப்புல ஒரு வாடையும் இல்ல அண்ணி. காய வெக்கிறதுக்கு வீட்டுல ஆளு இருந்தாதான வாடை வரும்."

குத்திக் காட்டச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுவரில் சாய்ந்த சப்பாத்தைப் பார்த்தேன்.

பிறகு அவர் அந்த இடத்துக்கு வந்தார். நான் கேட்காமலே சொன்னார். மேடான காடு, மூங்கில். முதல் ஆளாகத் தம்பி போகிறார். முதல் ஆள் எதையும் மிதிப்பதற்கு முன்னால் கண்ணால் மிதிக்க வேண்டும் என்பார்களாம். மூங்கில் அடியில் மீன் பிடிக்கும் நரம்பு மாதிரி ஒரு கம்பி ஓடியது. கையை மூடி மேலே தூக்கினார். பின்னால் எல்லாரும் அப்படியே நின்றார்கள். வெடியில் கட்டிய அந்தக் கம்பியை ஒருவன் கால் தட்டி இழுத்துவிட்டிருந்தால் பாதிப் பேர் அங்கேயே போயிருப்பார்கள். சார்ஜன் வந்து பார்ப்பதற்காக ஓரமாக ஒரு அடி விலகினார். அங்கே சருகுக்குள் இன்னொன்று புதைத்து வைத்திருந்தார்கள்.

வெடித்ததும் மேட்டிலிருந்து சுட ஆரம்பித்தார்கள். யாரும் நகரக் கூடாது என்று சார்ஜன் கத்தினார். ஒருவன் விழுந்தால் வழியைச் சோதிக்காமல் இன்னொருவன் அங்கே போகக் கூடாது, அது சட்டம். இன்னும் எத்தனை புதைந்து கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும். தம்பி சருகில் கிடந்தார். காது அடைத்துவிட்டது. வலி இன்னும் வரவில்லை. கால் எங்கே என்று தேடினாராம்.

"அப்ப சாம்பிராணி வாடை வந்துச்சு அண்ணி. சரி, செத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டேன். செத்தவன் வீட்டுலதான போடுவாங்க. பரவால்ல, நமக்கும் போட ஆளு இருக்குன்னு ஒரு நிம்மதி. கண்ணத் தொறந்தா அண்ணன்."

வரிசையின் கடைசியில் இருந்தவர், ஆட்களை ஒவ்வொருவராகத் தாண்டி, வயிற்றால் ஊர்ந்து, கத்தியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். மேலே குண்டு போய்க்கொண்டிருந்தது. சார்ஜன் பெயர் சொல்லித் திட்டியும் நிற்கவில்லை. பெல்ட்டைக் கழற்றித் தொடையில் கட்டி, முதுகில் போட்டுக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்ப ஊர்ந்திருக்கிறார். ஹெலிகாப்டர் வரும் வரை தம்பியின் தலை அவர் மடியில்தான் இருந்ததாம். உத்தரவை மீறியதற்கு அவருக்குத் தண்டனை கிடைத்தது. பதக்கம் கிடைக்கவில்லை.

அரிசி அளந்தவர் என்று சொன்னார்களே, அந்தத் தோட்டத்தில் இப்போது அதைப் போய்ச் சொல்ல ஒரு லயம் கூட மிச்சமில்லை. நடந்தோம் என்று ஒரு வார்த்தை சொன்னாரே என்னிடம். நடக்கக் கூட இல்லை, ஊர்ந்திருக்கிறார். அதை நான் கேட்டிருந்தால் எத்தனையோ இரவு எனக்கு வேறு மாதிரி போயிருக்கும். பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழவில்லை. வேறு ஒருவர் வீட்டில் நான் அழுவதில்லை.

"அப்ப ஒங்களுக்கு எங்க மேல கோவம் இல்லையா தம்பி?" என்று கேட்டேன்.

"ஒங்க மேல இல்ல. அண்ணன் மேல இருந்துச்சு."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். பட்டறையில் யாரோ ஒரு இஞ்சினை முறுக்கி முறுக்கி விட்டார்கள். அது அடங்கிய பிறகு சொன்னார்.

"வருசா வருசம் வருவாரு. முறுக்கு டின்ன வெப்பாரு. உக்காந்து என் காலையே பாத்துக்கிட்டு இருப்பாரு. ஒரு தடவை என் மூஞ்சியப் பாத்திருப்பாரான்னு கேளுங்க. என் எடத்துல நீ போயிட்டியேம்பாரு. எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. சார்ஜனும் அப்டித்தான் சொன்னாரு. அண்ணன் எடத்துல நான் போனேனாம். அந்த எடத்துக்கு அவரு பேருல பட்டாவா போட்டு வெச்சிருந்துச்சு? அன்னிக்கு அது என் எடம் அண்ணி. கம்பியக் கண்டது என் கண்ணு. கையத் தூக்குனது என் கை. அத்தன பேரும் வீட்டுக்குப் போனாங்க. அத யாரும் பேசறதில்ல. பாவம் காலு போச்சு, பாவம் காலு போச்சு, அதோட முடிஞ்சு போச்சு."

இதை அண்ணனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். எப்படிச் சொல்வது, உயிரைக் கொடுத்துத் தூக்கி வந்தவரிடம் அதைப் போய்ச் சொல்ல முடியுமா என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தீபாவளிக்குத் தீபாவளி இந்த அறையில் இரண்டு ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் முறுக்குத் தின்றிருக்கிறார்கள். அங்கே நான் இலைக்கு எதிரில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். மூன்று பேருக்கும் ஒரே விஷயம்தான். மூன்று பேரும் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப யாராச்சும் எழுதி வெக்கணும்" என்றேன்.

"யாரு எழுதுவா?"

"நான் எழுதுறேன்."

"நீங்களா? நீங்க எத்தனாவது?"

"மூணாங் கிளாசு."

"அப்ப சரி. நான் ரெண்டாவது." மறுபடி சிரித்தார். பிறகு விரலை நீட்டிச் சொன்னார், "ஒண்ணு அண்ணி. என்னப் பாவம்னு எழுதக் கூடாது. எழுதி முடிச்சா கொண்டாங்க. எனக்குக் கண்ணு தெரியல. பாப்பா படிக்கட்டும், நான் கேக்குறேன்."

கிளம்பும்போது அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த ஊன்றுகட்டையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கார் திரும்பும் வரை நின்றுகொண்டிருந்தார் என்று பேத்தி கண்ணாடியில் பார்த்துச் சொன்னாள்.

வந்த மறுநாளே எழுத ஆரம்பித்தேன். வீட்டில் சத்தமில்லை, எழுதுவதற்கு அது வசதிதான். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். என் குரலை நானே கேட்டு வெகு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரரைப் பற்றி எழுதும்போது கை தானாகப் பெரிதாக எழுதப் பார்த்தது. அவர் ஊர்ந்ததை எழுத நான்கு காலை எடுத்துக்கொண்டேன். இன்னும் நிறைய எழுதியிருப்பேன், கிழித்துப் போட்டேன். என் மனுஷரைத் தூக்கி வைப்பதற்காக அந்தத் தம்பியை மறுபடி கீழே உட்கார வைத்துவிடக் கூடாது. கம்பியைக் கண்டவர் அவர். அவர் நின்றது அவருடைய சொந்த இடத்தில்.

பேத்தி இன்றைக்குக் காலையில் வந்திருக்கிறாள். நாளைக்குப் பத்தாங் காலிக்குப் போகிறோம். அவருக்குப் படித்துக் காட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு முறை கேட்க வேண்டும். என் கண்ணுக்கு என் எழுத்தே எறும்பு மாதிரி ஓடுகிறது. தாளை அவளிடம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

"மொதல்லேருந்து படிம்மா. அவசரப்படாத. அந்தத் தம்பியப் பத்தி நானா எங்கயாச்சும் பாவம்னு எழுதியிருந்தா, அங்கயே நிறுத்திச் சொல்லு. அடிச்சிடலாம்."